தகட்டில் சீமை, உள்ளே பஞ்சு

அந்தப் பஞ்சை நான் முதலில் பூஞ்சணம் என்றுதான் நினைத்தேன்.

புரட்டாசி தொடங்கியிருந்தது. பவானி ஜமக்காளம் ஒன்றை மடித்துத் தரையில் விரித்து, அதன்மேல் ஒரு சைடு டிரம்மை வைத்திருந்தேன். இடுப்பில் தொங்கவிட்டு இரண்டு குச்சிகளால் அடித்துக்கொண்டு அணிவகுப்பின் முன்னே போவார்களே, அந்தச் சின்ன டிரம். மேல்தோலைக் கழற்றியபோது, வளையத்தின் அடியில் இருந்த பள்ளத்தில் வெண்மையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய முரசுகளுக்குள் பூஞ்சணம் படிவது வழக்கம்தான். தூரிகையால் தொட்டால் பொடியாக உதிரும்.

இது உதிரவில்லை. தூரிகையின் மயிரைப் பற்றிக்கொண்டு நீண்டது.

கிள்ளியெடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்துத் திரித்தேன். நூலாயிற்று.

எழுந்து நின்றுவிட்டேன். அறுபதைக் கடந்த மூட்டுகள் அவ்வளவு விரைவாக ஒத்துழைத்தது எனக்கே வியப்பு. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் தங்கை ராஜியைக் கூப்பிட்டேன். ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"பஞ்சு," என்றேன்.

"கோயமுத்தூர்ல பஞ்சு கெடைச்சதுக்கா இப்படிக் கூப்புட்ட?" என்று கேட்டுவிட்டுத் துணிக்கே திரும்பிப் போய்விட்டாள்.

அவளை மறுபடி அழைத்து வருவதற்கு முன்னால், அந்த டிரம் என்னிடம் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

மதுக்கரையிலிருந்து வந்த டிரம்

இத்தொடரைப் படித்து வருபவர்களுக்கு என் கார் ஷெட்டைத் தெரியும். கார் இல்லாத ஷெட். கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய முரசுகளைச் செப்பனிடுவதும், ஒவ்வொன்றின் வாழ்க்கையையும் படமெடுத்து எழுதிவைப்பதும் அங்கேதான் நடக்கின்றன. கோயில் முரசும் வந்திருக்கிறது, கல்யாண பேண்டு செட்டின் பெரிய டிரம்மும் வந்திருக்கிறது. இந்த வேலையில் எனக்கு நானே விதித்துக்கொண்ட ஒழுங்கு ஒன்று உண்டு: ஒரு பொருளைச் சரிசெய்வதற்கு முன் அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டும்.

அந்த சைடு டிரம் ஆடி மாதத்தில் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று ஊருக்குள் நுழையும் அந்த மாதத்தில் நான் எந்தத் தோலையும் இறுக்குவதில்லை. தோல் தொய்ந்து கிடக்கும். ஆகவே பார்ப்பதும் எழுதுவதும்தான் ஆடி வேலை. வேனிலிருந்து இறங்கிய செந்தில், டிரம்மை ஒரு குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு வந்தார். காந்திபுரத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர். பின்னால் அவருடைய தாயார் துளசியம்மாள். அவர் கையில் ஒரு ஸ்பேனர் மட்டும் இருந்தது.

செந்திலின் தந்தை அங்கமுத்து நகரத்தின் நூற்பாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர். ஆலையின் பேண்டு வாத்தியக் குழுவில் இந்த டிரம்மை அடித்தவரும் அவரே. ஆலை மூடப்பட்டபோது டிரம் அவர் வீட்டுக்கு வந்து, மதுக்கரையில் பரண்மேல், அவ்வூர் சிமென்ட் ஆலையின் தூசி படியப் படிய இருந்திருக்கிறது. அவர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

ஆலை நின்ற இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே குடியிருப்போர், பழைய ஆலையின் நினைவாகத் தங்கள் பொதுக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி அமைத்து, டிரம்மைக் கேட்டிருந்தார்கள். காரணம், அதன் பக்கவாட்டில் திருகப்பட்டிருந்த பித்தளைத் தகடு. ஆங்கில எழுத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர், இங்கிலாந்து நகரம் ஒன்றின் பெயர். சங்கச் செயலாளர் பெட்டிக்குள் வைக்கும் வாசகத்தையும் முடிவு செய்துவிட்டாராம்: 'இங்கிலாந்தில் செய்யப்பட்டது.'

துளசியம்மாளின் வழக்கு அங்கேதான் தொடங்கியது.

"ஏனுங்க அம்மணி, குடுக்கறதுக்கு எனக்கொண்ணும் தடையில்லீங்க. ஆனா இதைச் செஞ்சது எங்கூட்டுக்காரருன்னு எழுதோணும். அவரு செஞ்சதுதானான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

செந்திலுக்குத் தர்மசங்கடம். "பிளேட்டுல பேரு ஊரு எல்லாம் இங்கிலீஷ்ல இருக்குதுங்கக்கா. அப்பா நட்டு முடுக்கியிருப்பாரு, பாலீஷ் போட்டிருப்பாரு. அதைச் செஞ்சேன்னு சொல்லியிருப்பாரு. அம்மா அதையே புடிச்சுக்கிட்டாங்க."

துளசியம்மாள் மகனைப் பார்க்கவில்லை. ஸ்பேனரை டிரம்மின் பக்கத்தில் வைத்தார். அது இல்லாமல் டிரம் இறுகாது என்றார்.

கதவுக்குப் பின்னால் கேட்டது

அந்த அம்மாள் எதற்காக இத்தனை பிடிவாதமாக இருந்தார் என்பதை, செந்தில் வேனைத் திருப்பப் போயிருந்த இடைவெளியில் தெரிந்துகொண்டேன்.

அங்கமுத்து பெண் பார்க்க வந்த நாளில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று துளசியம்மாளின் அண்ணன் கேட்டிருக்கிறார். ஆலையில் ஃபிட்டர் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை, ஒரு டிரம்மும் செய்திருக்கிறேன் என்றாராம். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற பெண் சிரிக்கவில்லை. அந்த மனிதரின் வாயிலிருந்து அவர் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

திருமணத்துக்குப் பின் வந்த ஆயுத பூஜைக்கு ஆலைக்குப் போனார். கணவர் டிரம் அடித்துக்கொண்டு முன்னே வந்தார். மேடையில் இருந்த மானேஜரோ, விருந்தாளிகளிடம் அது சீமையிலிருந்து வந்த டிரம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து கேட்டால் அங்கமுத்து சிரிப்பார். "செஞ்சது நானு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. வாழ்நாள் முழுதும் அப்படியே.

"மத்த எதுலயும் பொய் சொன்னவரில்லீங்க," என்றார் துளசியம்மாள். "மொதப் பேச்சே பொய்யான்னு இருக்குதுங்க."

வேன் ஹாரன் அடித்தது. அவர் போய்விட்டார். நான் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆண்டுக்கு ஒரு பூச்சு

வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த டிரம்மின் பெயின்ட்டைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

பழைய பொருளின் பூச்சை முழுவதும் சுரண்டி எடுப்பது கொலைக்குச் சமம். ஓர் ஓரத்தில் மட்டும் சின்னஞ்சிறு இடத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு அடுக்காகப் படிக்கட்டு போல் இறங்கிச் செல்ல வேண்டும். உருப்பெருக்கியின் கீழ் நான் இறங்கிச் சென்றேன். நீலம். அதன் கீழ் பச்சை. பச்சைக்குக் கீழ் சாம்பல். மறுபடி பச்சை. அடுக்குகளுக்கு நடுவே சிவப்பாக, மஞ்சளாகச் சிறு சிறு புள்ளிகள்! குங்குமமும் சந்தனமும். அன்றைக்கு மதியச் சோற்றை நான் மறந்தே போனேன்.

கோவைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கு முன்னால் லேத்தானாலும் நெசவுத் தறியானாலும் இயந்திரங்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, புதுப் பெயின்ட் அடித்துப் பொட்டு வைப்பார்கள். ஆலைக்காரர்கள் டிரம்மையும் ஓர் இயந்திரமாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள். இயந்திரத்துக்கு அடித்த அதே பெயின்ட். திருகாணிகளுக்கு அதே எண்ணெய். எண்ணெய் தோலிலும் ஊறி மேல்தோலின் குரலையே கெடுத்திருந்தது. ஆனால் அந்த எண்ணெய் நாற்றத்துக்குப் பயந்து பூச்சி எதுவும் அண்டவில்லை.

ஓரிடத்தில் மட்டும் பொட்டின் மேலேயே பொட்டு இருந்தது. நடுவே பெயின்ட் இல்லை. துளசியம்மாளிடம் தொலைபேசியில் கேட்டேன். "அது ஸ்ட்ரைக் வருசமுங்க. பெயிண்டு அடிக்க ஆருமில்லை. இவரு மட்டும் போயிப் பொட்டு வெச்சுப்போட்டு வந்தாரு," என்றார். ஒரு வேலைநிறுத்தம் பெயின்ட் அடுக்குக்குள் அகப்பட்டுக்கொண்டிருந்தது. அதற்குத் தனியாக ஒரு படம் எடுத்தேன்.

அடுத்து, தகட்டைக் கழற்றினேன். இங்கேதான் எனக்குத் தொல்லை வந்தது. தகடு பிற்காலத்தில் ஒட்டவைத்ததாக இருந்தால் அதன் அடியில் பெயின்ட் இருந்திருக்கும். இல்லை. வெறும் பழுப்பு நிற உடம்புதான் இருந்தது. அப்படியானால் முதல் பூச்சுக்கு முன்பே, டிரம் பிறந்த நாளிலிருந்தே, தகடு அங்கே இருந்திருக்கிறது.

செந்திலின் வாதத்துக்கு அது வலுச் சேர்த்தது. உள்ளதை உள்ளபடி சொல்வது என் வேலை; துளசியம்மாளைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "அப்படீங்களா," என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. பிறகு, "சரிங்க அம்மணி, வெச்சரட்டுங்களா," என்று வைத்துவிட்டார்.

எனக்கு மட்டும் சில உறுத்தல்கள். தகட்டில் இருந்த பெயரில் எந்த முரசு நிறுவனமும் நான் புரட்டிய பழைய விலைப்பட்டியல்களில் இல்லை. இறுக்கும் கம்பிகளின் முனைகளில் இருந்தவை சாதாரண அறுகோண நட்டுகள். அங்கமுத்துவின் ஸ்பேனர் எல்லாவற்றிலும் கச்சிதமாகப் பொருந்தியது. தகட்டின் ஒரு மூலையில் மட்டும் இரண்டு துளைகள் நெருக்கமாக இருந்தன. அவற்றில் ஒன்றுதான் பயன்பட்டிருந்தது. உடம்பு மரமில்லை, பித்தளையுமில்லை. ஏதோ அழுத்திச் செய்த அட்டை போன்றது. பழுதுபார்ப்பின் தடங்கள் என்று குறித்துவைத்தேன்.

ஆடியும் ஆவணியும் கடந்தன. காற்று உலர்ந்ததும் தோலைக் கழற்றினேன். பஞ்சு வந்தது.

ராஜி ஒளிந்திருந்த இடம்

இப்போது ராஜியை இரண்டாம் முறை அழைத்த இடத்துக்கு வருகிறேன்.

இம்முறை நான் பஞ்சைக் காட்டவில்லை. டிரம்மின் உட்புறத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். வெளியே அத்தனை பெயின்ட் அடுக்குகள் இருந்தும் உள்ளே வெறும் பழுப்பு; கண்ணாடி போன்ற வழவழப்பு. மேலிருந்து கீழாக ஓர் இணைப்பு. அதில் வரிசையாக ஆணிகளை அறைந்து மடக்கியிருந்தார்கள். வெளிப்புறத்தில் அந்த ஆணிகளை அரத்தால் மட்டமாக ராவி, பெயின்ட்டால் மறைத்திருந்தார்கள்.

ராஜி உள்ளங்கையை ஒரு சுற்று ஓட்டினாள். அவள் முகம் மாறியது.

"அக்கா, இது நான் ஒளிஞ்சிருந்த கேனு."

எங்கள் தந்தையார் வேறோர் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஆயுத பூஜையன்று மட்டும் ஆலைக்குள் குடும்பங்களை விடுவார்கள். பொரியும் கடலையும் கையில். காதுக்குள் என்றைக்கும் இல்லாத அமைதி. கார்டிங் இயந்திரம் பஞ்சைச் சீவி, கயிறுபோல் மெத்தென்று ஒரு திரியாக வெளியே விடும். அந்தத் திரி சுருண்டு சுருண்டு விழுவதற்காகப் பக்கத்தில் ஆளுயர உருளை ஒன்று நிற்கும். அழுத்திய அட்டை, மேலும் கீழும் இரும்பு வளையம். அதைத்தான் கேன் என்பார்கள். ஆண்டுக்கணக்கில் பஞ்சு உரசி உரசி அதன் உட்புறம் வழவழவென்று ஆகிவிடும்.

ஒளிந்து விளையாடும்போது ராஜி அப்படியொரு காலிக் கேனுக்குள் இறங்கிவிட்டாள், ஏற முடியவில்லை. அவள் அழுத குரல் உருளைக்குள்ளிருந்து ஏதோ பெரிய ஆளின் குரல் போல முழங்கி வந்தது. அப்பா கேனைச் சாய்த்து அவளை வெளியே இழுத்தார். தலையெல்லாம் பஞ்சு.

அந்த முழக்கத்தை இன்னொருவரும் கேட்டிருக்கிறார், வேறோர் ஆலையில். கேட்டுவிட்டு, ஒரு பழைய கேனைக் குறுக்கே அறுத்து, இரண்டு பக்கமும் தோல் கட்டியிருக்கிறார்.

நானும் ராஜியும் அந்த டிரம்மின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பைத்தியம் பிடித்தவர்களைப் போலச் சிரித்தோம். பஞ்சில் ஒரு சிட்டிகையை மட்டும் சான்றுக்காகக் கண்ணாடிக் குழாயில் எடுத்துவைத்தேன். மிச்சத்தை இருந்த இடத்திலேயே விட்டேன். அதுவும் அந்த டிரம்மின் உடம்புதானே.

வாசலில் நின்ற இயந்திரம்

ஆனால் தகடு? கோவை ஆலையில் செய்த டிரம்மில் இங்கிலாந்துத் தகடு எப்படி வந்தது? அதைத் தீர்க்காமல் துளசியம்மாளுக்குத் தொலைபேசி செய்ய எனக்கு மனமில்லை. ஒரு முறை அவர் குரல் தாழ்ந்ததைக் கேட்டிருக்கிறேன்; அரைகுறை மகிழ்ச்சியைக் கொடுத்துப் பிறகு பறிக்கக் கூடாது.

விடை ராஜியிடமிருந்தே வந்தது. அந்த அடுக்குமாடியில் அவளுடைய சிநேகிதி இருக்கிறாள். "கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஒரு பழைய மெஷின் அழகுக்கு நிறுத்தியிருக்காங்களே, அது என்ன மெஷின்?" என்றாள். ஆலை இயந்திரங்களிலும் இப்படிப் பெயர்த்தகடு இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் காலை டிரேசிங் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினோம். தாளை ஏற்கெனவே தகட்டின் மேல் வைத்துத் தேய்த்து, துளைகளின் இடங்களைப் படியெடுத்திருந்தேன். டிரம்முக்கு ஏற்றபடி வளைந்த தகடு அது. தாளில் அது மறுபடி நேராகிவிட்டது.

இயந்திரம் வாசலில் செம்பருத்திச் செடிகளுக்கு நடுவே நின்றது. கார்டிங் இயந்திரமேதான். குடியிருப்போர் அதற்குச் சிவப்பும் தங்க நிறமும் அடித்திருந்தார்கள். முன்புறத்தில் எதுவும் தெரியவில்லை. கண்ணை நம்பாமல் கையை ஓட்டினேன். பக்கச் சட்டத்தில் ஓரிடத்தில் விரல் சற்றே இறங்கியது. சுற்றிலும் பெயின்ட் தடித்திருக்க, நடுவே செவ்வகமாக ஒரு பள்ளம். ஒரு காலத்தில் ஏதோ மூடியிருந்த இடம்; அதனால் சில பூச்சுகள் குறைவாகப் பெற்ற இடம்.

தாளை வைத்தேன். மூலைக்கு மூலை பொருந்தியது. பெயின்ட்டால் அடைபட்ட துளைகளைக் குண்டூசியால் குத்திப் பார்த்தேன். மூன்று மூலைகளில் ஒவ்வொன்று. நான்காவது மூலையில் நெருக்கமாக இரண்டு.

என்னையறியாமல் ராஜியின் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன். அவள் பின்னர் சொல்லித்தான் தெரியும். வாட்ச்மேன் எழுந்து வந்து, "மெஷின்ல ஷாக் அடிக்குதுங்களாம்மா?" என்று கவலையோடு கேட்டார்.

எல்லாம் விளங்கிவிட்டது. ஆலை விழாவில் முதலாளியின் முன்னால் கைவேலை டிரம் ஒன்றை அடிக்க மானேஜர் விட்டிருக்க மாட்டார். ஆகவே அங்கமுத்து தன் டிரம்முக்கு ஒரு பிறப்பிடத்தைத் தேடியிருக்கிறார். தான் பராமரித்த கார்டிங் இயந்திரத்தின் தகட்டைக் கழற்றி, வளைத்துத் திருகிவிட்டார். மானேஜர் ஆங்கிலத்தைப் படித்தார், மகிழ்ந்தார். அதன்பின் அந்த டிரம்மை யாரும் எதுவும் கேட்கவில்லை. இத்தனை காலம் கழித்துப் படித்த நானும் அதையேதான் படித்தேன்.

ஆயுத பூஜை

பூஜையன்று காலை, இயந்திரத்தின் முன்னால் ஒரு மேசை போட்டு டிரம்மை வைத்தோம். மேல்பக்கத்துக்குப் புதிய ஆட்டுத்தோல் போட்டிருந்தேன். எண்ணெய் ஊறிய பழைய தோல் தனியே பத்திரமாக இருக்கிறது. கீழ்த்தோல் பழையதே. செயலாளர் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். செந்தில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தாயாரை அழைத்து வந்திருந்தார்.

நடந்ததை நான் வரிசையாகச் சொன்னேன். கேனைச் சொன்னேன், பஞ்சைச் சொன்னேன். துளசியம்மாளின் விரலைப் பிடித்து இயந்திரத்தின் அந்தப் பள்ளத்தில் வைத்தேன். அவர் விரல் நான்கு ஓரங்களிலும் மெல்ல நடந்தது.

செந்தில் வெகுநேரம் தாளையும் தகட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, அப்பா பிளேட்டைக் களவாண்டிருக்காரும்மா. அதுதான் வாயைத் தொறக்கல."

"தொறந்திருந்தா வேலை போயிருக்கும்ல. எங்கிட்டச் சொன்னா எங்கண்ணங்கிட்டச் சொல்லிப்போடுவேன்னு நெனைச்சிருப்பாரு. சொல்லித்தான் இருப்பேன்," என்றார் துளசியம்மாள். விரலை எடுக்கவில்லை. "களவாண்டது களவாண்டதுதான் கண்ணு. அதுக்கு அவரு சாமிகிட்டப் பதில் சொல்லிக்குவாரு. எங்கிட்டப் பொய் சொல்லல பாத்தியா."

செயலாளருக்குச் சிக்கல். தகட்டை இயந்திரத்துக்கே திருப்பிவிடுவதுதான் முறையோ என்று என்னைக் கேட்டார். தகடு டிரம்மிலேயே இருக்கட்டும், இயந்திரத்தில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும், இரண்டையும் பற்றி எழுதிவைப்போம் என்றேன். அவர் யோசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்த வாசகத்தை எடுத்து, முதல் சொல்லை அடித்துவிட்டுப் பேனாவும் கையுமாகத் துளசியம்மாளின் பக்கம் திரும்பி, ஐயாவின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். அவர் இனிஷியலோடு சொன்னார்.

பிறகு துளசியம்மாள் குங்குமச் சிமிழைத் திறந்தார். முதல் பொட்டை இயந்திரத்தின் வெறும் பள்ளத்தில் வைத்தார். அடுத்ததைத் தகட்டில். கடைசியாக ஸ்பேனரில். அந்த ஸ்பேனராலேயே ஒரு நட்டை அரைச்சுற்று இறுக்கிவிட்டு, குச்சியை எடுத்து, யாரையும் கேட்காமல் டிரம்மை ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

ஒலி அடுக்குமாடிச் சுவர்களில் மோதித் திரும்பியது. பால்கனிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

டிரம்மின் பக்கவாட்டில், உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்காக ஒரு சின்னத் துளை உண்டு. தட்டிய வேகத்தில் அதன் வாயிலிருந்து வெள்ளையாக ஓர் இழை எட்டிப் பார்த்து, அங்கேயே நின்று ஆடியது.

செயலாளர் பதறி, தூசி என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.